'டப்'புனு ஒரு சத்தம்... பின்னால் மூணு சமன்பாடு!

பரீட்சை ஹாலில் மூணு மணி நேரம் எழுதித் தள்ளியதும் முதல் வேலையா என்ன செய்வீங்க? பேனாவை மூடி வெச்சுட்டு, 'டப்... டப்...'னு நெட்டி முறிப்பீங்கதானே! இதையே வீட்டில் செஞ்சா, 'வயசான காலத்துல மூட்டு வலி வரும்டா'ன்னு திட்டு விழும்.

பிரான்ஸில் படிச்சுக்கிட்டிருந்த வினீத் சந்திரன் சுஜாவும் ஒருநாள் கிளாஸ்ல இப்படித்தான் நெட்டி முறிச்சுக்கிட்டிருந்தார். 'அதுசரி, இந்தச் சத்தம் எங்கேருந்து வருது?'னு ஒரு சந்தேகம். நாமா இருந்தா அடுத்த விரலுக்குப் போயிருப்போம். அவர் கணக்குப் போட உட்கார்ந்துட்டார்!

விரல் மூட்டுக்குள்ளே முட்டை வெள்ளைக்கரு மாதிரி வழுவழுன்னு கொஞ்சம் திரவம் அடைபட்டுக் கிடக்கு. விரலை இழுத்தா இடைவெளி அகலமாகும், அழுத்தம் சட்டுனு குறையும். சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி, கரைஞ்சிருந்த வாயு குமிழியா வெளியே வரும். இதுக்குப் பேர்தான் கேவிடேஷன். கப்பலின் புரொப்பல்லரையே அரிச்சுத் தின்கிற அதே சமாசாரம்!

குமிழி பிறக்கும்போது சத்தமா, நொறுங்கும்போதா? இங்கேதான் சண்டை. 1947-ல் வந்த ஆய்வு 'பிறக்கும்போது' என்றது. 1971-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் விஞ்ஞானிகள் 'நொறுங்கும்போது' என்றார்கள். 2015-ல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகம் எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் பார்த்தால், சத்தம் வந்த பிறகும் குமிழி அப்படியே இருக்கு! ஆனால், அந்த ஸ்கேன் எடுத்தது விநாடிக்குச் சுமார் 3 படங்கள்தான். கண் சிமிட்டும் நேரத்தில் நடக்கிற கூத்து அதில் எப்படிச் சிக்கும்?

அங்கேதான் நம்ம ஆள் உள்ளே வர்றார். ஈகோல் பாலிடெக்னிக் (டிப்ளமா காலேஜ் இல்லீங்க, பிரான்ஸின் டாப் கல்வி நிறுவனம்!) பேராசிரியர் அப்துல் பரக்காத்துடன் சேர்ந்து மூணு சமன்பாடுகள் எழுதினார். மூட்டுக்குள் அழுத்தம் மாறுவது ஒன்று. அதனால் குமிழி சுருங்குவது இரண்டு. அதிலிருந்து எழும் ஒலி மூணு. கம்ப்யூட்டரில் கிடைத்த ஒலியை, மூணு பேரின் நிஜ 'டப்'போடு ஒப்பிட்டால், நல்லாவே பொருந்துச்சு! 2018-ல் முடிவு வெளியானது: குமிழி முழுசா நொறுங்க வேண்டாம், கொஞ்சம் நொறுங்கினாலே அந்தச் சத்தம் வரும். மிச்சக் குமிழிதான் ஸ்கேனில் தெரிஞ்சிருக்கும்!

சண்டை ஓவரா? இல்லை. குமிழி உருவான பிறகு நடப்பதைத்தான் இந்தக் கணக்கு சொல்லுது. பிறக்கும் கதையை இன்னும் யாராவது போடணும். அந்த யாராவது நீங்களாகக்கூட இருக்கலாம்!

சரி, மூட்டு வலி? அமெரிக்க டாக்டர் டொனால்ட் அங்கர் இடது கையில் மட்டும் 60 வருஷம் நெட்டி முறிச்சுப் பார்த்தார். ரெண்டு கையிலும் மூட்டுவாதம் இல்லை! 2009-ல் 'இக் நோபல்' கிடைச்சுது. ஆனா, ஒரே ஒரு ஆளை வெச்சு முடிவு கட்ட முடியாது. முறிக்கும்போது வலிச்சா டாக்டரைப் பாருங்க.

இப்போ ஒரு விரலை முறிச்சாச்சா? உடனே அதே விரலை முறிச்சுப் பாருங்க. சத்தம் வராது. வாயு திரும்பக் கரைய சுமார் 20 நிமிஷம் ஆகும். அதுவரை பக்கத்து பெஞ்சுக்காரர் நிம்மதியா இருக்கட்டும்!