இலையை எண்ணும் ஏரிக் காவலர்கள்

பத்தாம் வகுப்பு ஆய்வகத்தில் ஹைட்ரில்லாவைப் பார்க்காதவர்கள் நம்மில் குறைவு. முகவையில் நீர், அதற்குள் ஹைட்ரில்லா, அதன் மேல் கவிழ்த்த புனல், புனலின் மேல் சோதனைக்குழாய். வெயிலில் வைத்தால் ஆக்சிஜன் குமிழ் குமிழாக மேலேறும். ஒளிச்சேர்க்கையை நம் கண்ணுக்குக் காட்டிய அதே செடியை, அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் மெய்ன் மாநிலத்தில் ஊர்க்காரர்கள் ஏரி ஏரியாகத் தேடுகிறார்கள். எங்காவது இருந்துவிடப் போகிறதே என்ற கவலையோடு தேடுகிறார்கள்.

1950களின் தொடக்கத்தில் மீன்தொட்டி அலங்காரத்துக்காக இலங்கையிலிருந்து ஃபுளோரிடாவுக்குப் போன செடி இது. தொட்டியை விட்டுக் கால்வாயில் இறங்கியதும் அதைத் தடுக்க ஆளில்லை. வட மாநிலங்களில் பரவியது வேறொரு ரகம். மரபணுச் சோதனையில் அது கொரிய ரகத்தோடு ஒத்துப்போகிறது. எந்த ரகமானாலும் குணம் ஒன்றுதான். கணுவோடு ஒரு துண்டு படகில் ஒட்டிக்கொண்டு போனால் போதும், அடுத்த ஏரியில் புதுச்செடி கிளம்பிவிடும். செடியைப் பிடுங்கினாலும் சேற்றுக்குள் சிறு கிழங்குகள் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். மங்கிய வெளிச்சத்திலும் வளரும் என்பதால் மற்ற நீர்ச்செடிகளை முந்திக்கொண்டு மேலே வந்து, பாய் விரித்ததுபோல் நீரை மூடிவிடும்.

அதன் கெடுதல் நீரோடு நிற்பதில்லை. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஹைட்ரில்லா இலைமேல் ஒருவகை சயனோபாக்டீரியா வளர்ந்து நஞ்சைச் சுரக்கிறது. செடியைத் தின்னும் நாமக்கோழி இனப் பறவைகளுக்கு மூளை கெடுகிறது; தள்ளாடும் அந்தப் பறவைகளைப் பிடித்துத் தின்னும் வெண்தலைக் கழுகுகளும் சாகின்றன. 1994இல் ஆர்கன்சாவில் கழுகுகள் செத்து விழத் தொடங்கின. காரணமான நஞ்சு இன்னதென்று 2021இல்தான் உறுதியானது.

மெய்னில் ஏரி, குளங்கள் சுமார் 6,000. அத்தனையையும் அரசு ஊழியர்களே பார்த்து முடிப்பது நடக்காத காரியம். அங்கே 1971 முதலே ஏரி நீரின் தெளிவை அளந்துவரும் தன்னார்வலர் அமைப்பு ஒன்று உண்டு. பிற்காலத்தில் அது லேக் ஸ்டூவர்ட்ஸ் ஆஃப் மெய்ன் என்று பெயர் பெற்றது. அந்த அமைப்பு நீர்ச்செடிகளை அடையாளம் காணவும் ஊர்க்காரர்களுக்குப் பயிற்சி தருகிறது.

செடிகள் முழுதாக வளர்ந்து நிற்கும் கோடைப் பிற்பகுதியில் வேலை நடக்கிறது. படகுத்துறை, ஓடை வந்து சேரும் முகம், காற்றில்லாத ஒதுக்கு ஆகிய இடங்களை முதலில் பார்ப்பார்கள். துடுப்புப் படகை மெல்லச் செலுத்திக்கொண்டு, அடியில் கண்ணாடி வைத்த குழாயை நீரில் அமிழ்த்திக் கீழே நோக்குவார்கள். கண்ணுக்கு எட்டாத ஆழத்துக்குக் குப்பைவாரித் தலைகள் இரண்டை முதுகோடு முதுகாகப் பிணைத்துக் கயிறு கட்டி எறிவார்கள். வருவதை நீர் ஊற்றிய வெள்ளைத் தட்டில் பரப்பினால் இலைகள் தாமாகவே விரியும். அங்குதான் எண்ணிக்கை தொடங்குகிறது. உள்ளூர்ச் செடியான எலோடியாவுக்குத் தண்டைச் சுற்றிய ஒவ்வோர் அடுக்குக்கும் மூன்று இலை, ஓரம் வழவழப்பு. ஹைட்ரில்லாவுக்குப் பெரும்பாலும் ஐந்து. நான்கு முதல் எட்டு வரை இருக்கலாம். விரலால் தடவினால் ஓரத்துப் பற்கள் சொரசொரவென்று தட்டுப்படும். சந்தேகம் என்றால் மாதிரி நிபுணரிடம் போகும். இடம் வரைபடத்தில் ஏறும். அறுந்த துண்டு ஒன்றைக்கூட நீரில் விட்டுவிட்டு வர மாட்டார்கள்.

ஒன்றும் அகப்படாத நாளையும் அவர்கள் பதிந்து வைக்கிறார்கள். எனக்கு இதுவே பெரிதாகப் படுகிறது. போன ஆண்டு எந்த ஒதுக்கில் என்ன இருந்தது என்று எழுதி வைத்திருந்தால்தானே இந்த ஆண்டு வந்த புதுச்செடி புதுச்செடி என்று தெரியும்!

மெய்னில் முதல் ஹைட்ரில்லா 2002இல் பிக்கரல் குளத்தில் தெரியவந்தது. அதை அடக்கக் களைக்கொல்லியும் கண்காணிப்புமாக ஆண்டுகள் ஓடின. 2009இல் டமரிஸ்காட்டா ஏரியில் அதைக் கண்டுபிடித்தவர் பயிற்சி பெற்ற தன்னார்வலர் ஒருவர். ஏரி முழுக்கப் பரவுமுன் தெரிந்ததால் செடியைக் கையால் பிடுங்கவும், ஏரித்தரையில் விரிப்புப் போட்டு மூடவும் வழி இருந்தது. ஊன்றிவிட்ட பிறகு எவ்வளவு செலவழித்தாலும் இந்தச் செடியை முழுதாக ஒழிப்பது ஏறக்குறைய முடியாத காரியம்.

நம் ஊரிலும் இப்படி ஒரு செடி உண்டு: தென்னமெரிக்காவிலிருந்து வந்த ஆகாயத்தாமரை நம் ஏரிகளை மூடிக் கிடக்கிறது. ஏரி பச்சையாகத் தெரிந்த பிறகுதான் நாம் இயந்திரம் கொண்டுபோகிறோம். உங்கள் ஊர் ஏரியில் இன்று என்னென்ன செடிகள் இருக்கின்றன என்று கல்லூரித் தாவரவியல் மாணவர்களும் மீனவர்களும் சேர்ந்து ஒரு பட்டியல் எழுதத் தொடங்கலாம். அதற்கு முன், வீட்டு மீன்தொட்டியைக் கழுவும்போது அதில் உள்ள செடியை ஏரியிலோ வாய்க்காலிலோ கொட்டாதீர்கள். வெயிலில் நன்றாகக் காயவைத்துக் குப்பையில் போடுங்கள்.