தொட்டிலுக்கு முன் வந்த அகராதி

முழுகாமல் இருக்கும் பெண்ணுக்கு நம் வீடுகளில் என்னென்னவோ கொடுப்பார்கள். வாய்க்கு ருசியாக மாங்காய் கொடுப்பார்கள். கை நிறைய வளையல் அடுக்குவார்கள். "நிறையப் படிக்காதே, கண்ணுக்கு ஆகாது" என்று புத்திமதியும் கொடுப்பார்கள். ஆனால் 1891-ஆம் ஆண்டுக் கோடையில் இங்கிலாந்தில் ஒரு கர்ப்பிணிக்குக் கிடைத்தவை ஓர் இலக்கணப் புத்தகமும் ஓர் அகராதியும். இரண்டும் ருஷ்ய பாஷையைக் கற்பதற்கானவை!

அந்தப் பெண்மணி கான்ஸ்டன்ஸ் கார்னெட். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்பது. உதவித் தொகை பெற்றுக் கேம்பிரிட்ஜில் நியூன்ஹாம் கல்லூரியில் கிரேக்கமும் லத்தீனும் படித்தவர். பிறகு லண்டனின் ஏழைகள் மிகுந்த கிழக்குப் பகுதியில் ஒரு நூல் நிலையத்தில் வேலை பார்த்தார். 1889-ல் கல்யாணம். கணவர் எட்வர்ட் கார்னெட்டுக்குப் பிரசுராலயத்தில் கையெழுத்துப் பிரதிகளைப் படித்து அபிப்பிராயம் சொல்லும் உத்தியோகம். இனி அடுப்பு, குழந்தை, வீடு என்று காலம் கழிய வேண்டியதுதான். படித்த கிரேக்கம் பரணுக்குப் போயிருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் எட்வர்ட் ஒரு நண்பரை மனைவிக்கு அறிமுகப்படுத்தினார். பெயர் ஃபெலிக்ஸ் வோல்கோவ்ஸ்கி. ஜார் மன்னரின் ஆட்சியை எதிர்த்ததற்காகப் பல முறை சிறை சென்றவர். 1877-78-ல் நடந்த பிரசித்தமான '193 பேர் வழக்'கில் அவரும் ஓர் எதிரி. தண்டனை, சைபீரியா! அந்தப் பனிக் காட்டில் அவருடைய மனைவி தம் உயிரைத் தாமே மாய்த்துக் கொண்டார். 1889-ல் வோல்கோவ்ஸ்கி சைபீரியாவிலிருந்து தப்பி, உலகத்தைச் சுற்றிக்கொண்டு கனடா வழியாக 1890-ல் லண்டன் வந்து சேர்ந்தார்.

நாடு போயிற்று, மனைவி போய்விட்டாள், உடம்பும் சிறையில் கெட்டுவிட்டது. யாராலும் பறிக்க முடியாமல் அவரிடம் மிஞ்சிய சொத்து ஒன்றுதான்: தாய்மொழி. "நீங்கள் ஏன் ருஷ்ய பாஷை கற்கக் கூடாது?" என்று கேட்டு, அந்தச் சொத்தை அவர் கான்ஸ்டன்ஸுக்குப் பங்கிட்டுக் கொடுக்க ஆரம்பித்தார்.

ருஷ்ய மொழி கற்பது சாமான்யமா என்று கேட்பீர்கள். முதல் நாளே எழுத்துக்கள் காலை வாரி விடும். ஆங்கில 'எச்' மாதிரி இருப்பதை 'ந' என்று வாசிக்க வேண்டும். 'பி' மாதிரி இருப்பது 'ர'. 'சி' மாதிரி இருப்பது 'ஸ'. இன்று எழுத்துக்கள் 33. கார்னெட் அம்மையார் கற்ற காலத்தில் இன்னும் சில அதிகம். அதைத் தாண்டினால் ஆறு வேற்றுமைகள் வரிசையாக நிற்கும். ஆங்கிலேயருக்கு இங்கேதான் மூச்சு முட்டும். ஆனால் லத்தீன் படித்தவருக்கு இது பழகின பாதை. பள்ளிக்கூடத்தில் எட்டு வேற்றுமைகளை உருப்போட்ட நமக்குந்தான்!

உண்மையில் தமிழர்களுக்கு ருஷ்ய மொழியில் சில சலுகைகள் உண்டு. 'நான் வீட்டில் இருக்கிறேன்' என்பதை ருஷ்யர் 'யா தோமா' என்பர். 'நான் வீட்டில்', அவ்வளவுதான், 'இருக்கிறேன்' தேவையில்லை. நமக்கு 'நீ' என்றும் 'நீங்கள்' என்றும் இருப்பது போல அவர்களுக்கும் இரண்டு சொற்கள் உண்டு. ஆங்கிலேயருக்கு அந்த வசதி இல்லை. ஆனால் ஜாக்கிரதை! 'தோமா'வில் முதல் அசையை அழுத்திச் சொன்னால் 'வீட்டில்'. அழுத்தத்தைக் கடைசி அசைக்குத் தள்ளினால் 'தமா' என்று ஒலித்து 'வீடுகள்' ஆகிவிடும். எழுத்து என்னவோ ஒன்றேதான். எங்கே அழுத்துவது என்று சாதாரணப் புத்தகம் சொல்லாது. அதற்குத்தான் எதிரே உட்கார்ந்து திருத்துகிற ஆசிரியர் வேண்டும்.

1892 மார்ச்சில் ஆண் குழந்தை பிறந்தது. டேவிட் என்று பெயர் வைத்தார்கள். பாடம் நின்றுவிடவில்லை. வோல்கோவ்ஸ்கி தம் தோழர் ஸ்டெப்னியாக்கை அறிமுகம் செய்து வைத்தார். அவரும் நாடு துறந்தவரே. பாஷை முழுவதும் வசப்படட்டும் என்று கான்ஸ்டன்ஸ் காத்திருக்கவில்லை. ஒரு கதையைக் கையில் எடுத்துக்கொண்டு மொழிபெயர்க்கத் தொடங்கினார். ஸ்டெப்னியாக் உடனிருந்து உதவினார். கோன்சரோவின் நாவல் ஒன்று 1894-ல் அச்சாகி வந்தது. பாடம் ஆரம்பித்து மூன்று வருஷங்கூட ஆகவில்லை!

அதே 1894-ன் ஆரம்பத்தில், இரண்டு வயது நிரம்பாத குழந்தையை விட்டுவிட்டு, கடுங்குளிரில் ருஷ்யாவுக்கே புறப்பட்டார் கான்ஸ்டன்ஸ். தாய் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! மாஸ்கோவும் பீட்டர்ஸ்பர்க்கும் பார்த்துவிட்டு, யாஸ்னயா போல்யானாவில் டால்ஸ்டாயையும் சந்தித்துத் திரும்பினார்.

அடுத்த ஆண்டே ஓர் இடி விழுந்தது. தண்டவாளத்தைக் கடக்கும்போது ரயில் மோதி ஸ்டெப்னியாக் இறந்தார். அவருடைய விதவை ஃபானி தம் துக்கத்தோடு கான்ஸ்டன்ஸின் அருகில் வந்து அமர்ந்து, கணவர் செய்த உதவியைத் தாம் தொடர்ந்தார்.

பிறகு நடந்தது பெரிய யக்ஞம். தோட்டத்தில் உட்கார்ந்து எழுதுவார். பக்கம் முடிந்ததும் தலை நிமிராமல் தரையில் போடுவார். காகிதக் குவியல் முழங்கால் வரை உயரும் என்று நாவலாசிரியர் டி.எச்.லாரன்ஸ் நினைவு கூர்ந்திருக்கிறார். டால்ஸ்டாயின் 'போரும் சமாதானமும்' 1904-ல் வெளிவந்தபோது அம்மையாரின் கண் பார்வை கெட்டிருந்தது. அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்: ஒருவர் ருஷ்ய மூலத்தை உரக்கப் படிக்க, இவர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வார்கள். தாஸ்தாயெவ்ஸ்கியின் 'கரமசோவ் சகோதரர்கள்' 1912-ல் வந்தது. செகாவின் கதைகள் மட்டுமே 13 தொகுதிகள்! மொத்தம் சுமார் 70 நூல்கள். 1934-ல் பேனாவைக் கீழே வைத்தார், 1946-ல் காலமானார்.

கஷ்டமான இடங்களை நழுவ விட்டார், எல்லா ஆசிரியர்களையும் ஒரே குரலில் பேச வைத்தார் என்று பின்னால் வந்தவர்கள் குறை சொல்லியிருக்கிறார்கள். அதில் நியாயமும் உண்டு. ஆனால் குறை சொன்னவர்களில் எத்தனை பேர் முதலில் அவர் வழியாக அந்த ஆசிரியர்களைச் சந்தித்தவர்களோ! தமிழில் வந்த ருஷ்யக் கதைகளிலும் பல, ஆங்கிலத்தைத் தொட்டுக்கொண்டு வந்தவைதாம்.

இன்று நம் பிள்ளைகள் வைத்தியம் படிக்க ருஷ்யா போகிறார்கள். கூடங்குளம் அணுமின் நிலையத்தில் நம் பொறியாளர்கள் ருஷ்யர்களோடு சேர்ந்து வேலை செய்திருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தப் பாஷை உத்தியோகத்துக்கு வேண்டும். நோயாளி தன் வலியைச் சொல்லும்போது புரிந்துகொள்ள வேண்டும். தனியாக ஆசிரியர் வைத்துக்கொள்கிறவர்களுக்குக் கார்னெட் அம்மையாரின் கதையில் ஒரு பாடம் இருக்கிறது. ஆசிரியர் கதவைத்தான் திறந்து விடுவார். உள்ளே போய்த் தினமும் உட்கார வேண்டியவர் மாணவர். முழுதும் கற்ற பிறகு வேலையைத் தொடங்கலாம் என்று காத்திராமல், ஒரு வேலையைக் கையில் எடுத்துக்கொண்டு கற்பது நல்லது.

வோல்கோவ்ஸ்கி 1914-ல் லண்டனிலேயே இறந்தார். தாயகம் தமக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. ஆனால் அவர் கொடுத்த அகராதியால், அந்தத் தாயகத்தின் குரலை அந்நிய நாட்டு வீடுகளில் எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். குருதட்சிணை என்றால் இதுதான்!