விளையாட்டு வீரரும் நாட்டின் பொருளுதவியும்

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் 1943ஆம் ஆண்டு பிறந்தவர் டாக்டர் மணி ஜெகதீசன். பதினாறாம் வயதிலேயே, 1960இல் ரோமாபுரி ஒலிம்பிக்கில் மலாயாவின் சார்பில் ஓடினார். 1966இல் பாங்காக்கில் நடந்த ஆசிய விளையாட்டில் 100 மீட்டர், 200 மீட்டர், நால்வர் தொடர் ஓட்டம் ஆகிய மூன்றிலும் தங்கம் பெற்றார். 1968இல் மெக்சிகோ நகரில் 200 மீட்டர் தூரத்தை அவர் 20.92 விநாடியில் ஓடினார். 2017இல் கோலாலம்பூரில் கைருல் ஹாபிஸ் ஜந்தான் 20.90 விநாடியில் ஓடிய நாள்வரை, 49 ஆண்டுகள் அதுவே தேசியச் சாதனை. அதே பேராக்கின் தாப்பாவில் பிறந்த எம். ராஜாமணி அம்மையார், பாங்காக்கில் பெண்களுக்கான 400 மீட்டரில் தங்கம் வென்றார். 1966இல் நாட்டின் சிறந்த வீரர், வீராங்கனை என்னும் விருதுகள் இவ்விருவருக்குமே கிடைத்தன.

இவர்கள் ஓடிய காலத்தில் அரசாங்கத்தின் தேசிய விளையாட்டு மன்றம் இல்லை. அது 1971ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றி, 1972இல் பணி தொடங்கியது. ஓட்டத்துக்காகப் பணம் பெறுபவரை ஒலிம்பிக்கில் சேர்க்காத காலம் அது. அதன் பின்னர்ப் பணம் வந்தது. விளையாட்டுப் பள்ளிகள் வந்தன. அறிவியல் ஆய்வுக்கூடங்களும் வந்தன. அப்படியிருந்தும் ஒரு மருத்துவரின் சாதனையை முறியடிக்க அரை நூற்றாண்டு ஆயிற்று. ஒரு சாதனையைக் கொண்டே அனைத்தையும் அளந்துவிட முடியாதுதான். ஆயினும் பணம் ஏணியின் எந்தப் படியில் வந்து சேருகிறது என்னும் கேள்வி எழாமற் போகாது.

பிற நாடுகள் இதற்கு வெவ்வேறு விடை கண்டுள்ளன. ஆஸ்திரேலியா 1976இல் மாண்ட்ரியலில் ஒரு தங்கமும் பெறாமல் திரும்பிற்று. அந்தத் தலைகுனிவின் பயனாக 1981இல் கான்பராவில் அரசாங்கமே ஒரு விளையாட்டுக் கழகத்தைத் திறந்தது. அமெரிக்காவில் ஒலிம்பிக் குழுவுக்கு மத்திய அரசு வழக்கமான மானியம் தருவதில்லை. பல்கலைக்கழகங்கள் தரும் உபகாரச் சம்பளமே அங்கே வீரரை வளர்க்கிறது. பிரிட்டன் 1996இல் அட்லாண்டாவில் ஒரே ஒரு தங்கம் பெற்றது. மறு ஆண்டு முதல் லாட்டரிச் சீட்டுப் பணத்தை வீரர்களுக்குத் திருப்பிவிட்டது. 2012இல் இலண்டனில் 29 தங்கம் பெற்றது. ஆனால் பதக்கம் வரும் என்று தோன்றும் ஆட்டத்துக்கே அங்கே பணம். ஏழைப் பிள்ளைகள் பலர் ஆடும் கூடைப்பந்துக்கு 2014இல் அந்த உதவி நிறுத்தப்பட்டது. பதக்கக் கணக்கு வேறு, பிள்ளைகளின் கணக்கு வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

மலேசியாவில் ஒலிம்பிக் தங்கம் பெறுபவருக்குப் பத்து லட்சம் ரிங்கிட்டும், மாதம் 5,000 ரிங்கிட் ஓய்வூதியமும் உண்டு. 2016இல் பாராலிம்பிக்கில் தங்கம் வென்ற மூவரும் அதே பரிசைப் பெற்றனர். ஒலிம்பிக்கிலோ, 2024 பாரிஸ் வரை நாடு பெற்ற பதக்கங்கள் பதினைந்து; அவற்றுள் தங்கம் இல்லை. பூப்பந்தில் பதினொன்று, நீர்க்குதிப்பில் இரண்டு, சைக்கிளோட்டத்தில் இரண்டு. ஆடரங்கமும் நீச்சற்குளமும் சைக்கிள் ஓடுதளமும் தந்தவை இவை. இந்த வசதிகள் இருக்குமிடம் பெரும்பாலும் நகரம். வெறுங்காலோடு பழகத் தொடங்கக்கூடிய ஓட்டத்தில் ஒன்றுகூட இல்லை.

புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளி 1996இல் தொடங்கிற்று. அத்தகைய பள்ளிகளில் இடம்பெறப் பிள்ளை ஆறாம் ஆண்டுக்குள் தன் திறனைக் காட்டியாக வேண்டும். மாவட்டம், மாநிலம், தேசியம் என்று செல்லும் பள்ளிப் போட்டிகளே அதற்கு வழி. இங்கே ஆசிரியர்கள் நன்கறிந்த ஒரு சிக்கல் உண்டு. வயதுப் பிரிவைப் பிறந்த ஆண்டைக் கொண்டு வகுப்பதால், ஜனவரியில் பிறந்த பிள்ளை டிசம்பரில் பிறந்த பிள்ளையைவிட ஏறக்குறைய ஓராண்டு வளர்ந்து நிற்கிறது. முந்துவது திறமையா, வளர்த்தியா? பதினொரு வயதில் பின்தங்கியவன் பதினெட்டில் முந்துவதும் உண்டு. அதுவரை அவனை ஓட வைத்துக்கொண்டிருப்பது யார்?

தோட்டப்புறத்தில் இக்கேள்வி இன்னும் கடுமையாகிறது. நானூறு மீட்டர் ஓட்டத் தடத்துக்கு ஏறத்தாழ 177 மீட்டர் நீளமும் 93 மீட்டர் அகலமும் வேண்டும். அதாவது நான்கு ஏக்கர். ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. சில தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. குடும்பங்கள் ஈப்போ போன்ற பட்டணங்களுக்குப் பெயர்ந்தன. 150 மாணவருக்குக் குறைந்த பள்ளிகளைக் கல்வியமைச்சு தனிவகையாகக் கொள்கிறது. தோட்டத் தமிழ்ப்பள்ளிகளில் பல அவ்வகையைச் சேர்ந்தவை. நால்வர் தொடர் ஓட்டத்துக்கு ஒரே வயதுப் பிரிவில் நான்கு பிள்ளைகளைத் திரட்டுவதே அங்கே பெரும்பாடு. கணக்குப் பாடம் நடத்தும் ஆசிரியரே மாலையில் ஓட்டமும் பழக்குவார். போட்டி நாளில் பேருந்துச் செலவுக்குப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தை நாடுவார்.

உச்சிப்படியில் வைத்துள்ள பரிசைக் குறைக்க வேண்டியதில்லை. அடிப்படியில் தேவைப்படுவது மிகச் சிறு தொகையே. அருகருகே உள்ள ஐந்தாறு சிறுபள்ளிகளுக்கு ஒரு பயிற்றுநரும், மாவட்டப் போட்டிக்குப் போய்வரும் செலவும், ஓடுவதற்கேற்ற சப்பாத்தும் போதும். வாரத்தில் ஒரு நாள் அப்பள்ளிப் பிள்ளைகள் ஒரே திடலில் கூடினால், தொடர் ஓட்டக் கோலைக் கைமாற்றிப் பழக நான்கு பேராவது கிடைப்பார்கள்.