மைட்டோகாண்ட்ரியாவைக் காப்பாற்றிய சர்க்கரை

மாணவர்களே, மைட்டோகாண்ட்ரியாவை 'உயிரணுவின் மின்நிலையம்' என்று படித்திருப்பீர்கள். அந்த வேலையைச் செய்வது அதுதான் என்று எப்படித் தெரிந்தது? உயிரணுவுக்குள் எண்ணற்ற வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. எதை எது செய்கிறது என்று அறிய, ஒவ்வோர் உறுப்பையும் தனியே எடுத்துச் சோதிக்க வேண்டும். ஆனால், மைட்டோகாண்ட்ரியாவின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான். இடுக்கியால் எடுக்க முடியுமா?

உடைத்தல்

பெரும்பாலும் எலியின் கல்லீரலையே பயன்படுத்துகிறார்கள். அது மென்மையானது, அதன் ஒவ்வோர் உயிரணுவிலும் ஆயிரம் அளவில் மைட்டோகாண்ட்ரியா உண்டு. கல்லீரலை நறுக்கி, குளிர்ந்த கரைசலோடு ஒரு கண்ணாடிக் குழாயில் இடுவார்கள். குழாயோடு நெருங்கிப் பொருந்தும் உலக்கை போன்ற கோலை அதனுள் மேலும் கீழும் மெதுவாக நகர்த்துவார்கள். குறுகிய இடைவெளியில் சிக்கும் உயிரணுக்கள் கிழியும். சிறிய மைட்டோகாண்ட்ரியா தப்பிவிடும். அளவுக்கு மீறி இடித்தால் அவையும் உடைந்துபோகும்.

சுழற்றுதல்

சேற்று நீரைக் குவளையில் வைத்தால் கல் முதலில் படியும், மணல் அடுத்து, வண்டல் கடைசியில். இங்கும் அதே விதிதான். மையவிலக்குக் கருவியில், புவியீர்ப்பைப்போல் 600 மடங்கு விசையில் 10 நிமிடம் சுழற்றினால், உட்கருக்களும் உடையாத உயிரணுக்களும் அடியில் படியும். மேலே உள்ள நீர்மத்தை வேறு குழாயில் ஊற்றி, 7,000 முதல் 10,000 மடங்கு விசையில் மீண்டும் 10 நிமிடம் சுழற்றினால், பழுப்பு நிறப் படிவாக மைட்டோகாண்ட்ரியா கிடைக்கும். எல்லா வேலையும் 4 பாகை செல்சியசில் நடக்கும். இல்லாவிட்டால், உடைந்த உயிரணுவிலிருந்து வெளியேறும் நொதிகள் அவற்றைச் சிதைத்துவிடும்.

ஏன் சர்க்கரை?

வெறும் நீரில் இட்டால், நீர் உள்ளே புகுந்து மைட்டோகாண்ட்ரியா வீங்கி வெடிக்கும். உப்புக் கரைசலில் அவை உருமாறி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. 1948இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வுக்கழகத்தில் ஹோஜ்பூம், ஷ்னைடர், பலாடி ஆகியோர் சுக்ரோஸ் கரைசலைப் பயன்படுத்தினர். ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 300 கிராம் சர்க்கரை! மைட்டோகாண்ட்ரியா தம் நீண்ட வடிவம் மாறாமல் வெளிவந்தன. இன்று ஏறத்தாழ 86 கிராமே போதுமென்று கண்டிருக்கிறார்கள்.

அடுத்த சில மாதங்களிலேயே பலன் கிடைத்தது. தனியே பிரித்த மைட்டோகாண்ட்ரியாவைக் கொண்டு, கொழுப்பு அமிலங்களை எரித்து ஆற்றலாக்கும் வேலை அங்கேதான் நடக்கிறது என்று சிகாகோவில் கென்னடியும் லெனிஞ்சரும் நிறுவினர். உயிரணுவைப் பிரித்து ஆராயும் வழிகளை வளர்த்த ஆல்பர்ட் கிளாட், கிறிஸ்டியன் டி டூவ், ஜார்ஜ் பலாடி ஆகியோருக்கு 1974இல் நோபெல் பரிசு கிடைத்தது.

பழுப்புப் படிவு கிடைத்தால் மட்டும் வெற்றி இல்லை. அதற்கு உணவுப்பொருளும் ஏ.டி.பி.யும் கொடுத்து, ஆக்ஸிஜனை எவ்வளவு வேகமாக உறிஞ்சுகிறது என்று அளக்க வேண்டும். ஏ.டி.பி. சேர்த்ததும் வேகம் பல மடங்கு கூடினால், மைட்டோகாண்ட்ரியா நலமாக இருக்கிறது. மாற்றமே இல்லையென்றால், குழாயில் இருப்பவை வெறும் உடைசல்கள்தாம்!

சிந்தியுங்கள்: மனிதனின் முதிர்ந்த சிவப்பணுக்களை இதே முறையில் உடைத்துச் சுழற்றினால், மைட்டோகாண்ட்ரியா கிடைக்குமா? ஏன்?