களியக்காவிளைத் துப்பாக்கியும் தில்லிச் சட்டமும்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் நோக்கி வரும் தேசிய நெடுஞ்சாலையில் நெய்யாற்றின்கரை, அமரவிளை, பாறசாலை ஆகிய ஊர்களைத் தாண்டினால் இஞ்சிவிளையோடு கேரளம் முடிந்து, களியக்காவிளையில் தமிழகம் தொடங்குகிறது. புதிதாக வருபவர் கடைப் பலகைகளின் எழுத்தை வைத்துத்தான் மாநிலம் மாறியதை அறிய வேண்டும். அதையும் முழுமையாக நம்ப முடியாது. இரு பக்கமும் இரு மொழியும் புழங்கும் ஊர்கள் இவை. 1956 நவம்பர் 1 வரை எல்லாமே ஒரே திருவிதாங்கூர் மண்தான். அன்று விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துக்கு வந்தது. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தோடு நின்றது.

துப்பாக்கிச் சத்தம் இப்பகுதிக்குப் புதிதல்ல. 1938 ஆகஸ்ட் 31-ல் நெய்யாற்றின்கரையிலும், தமிழகத்துடன் இணையும் போராட்டத்தின்போது 1954 ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டம், புதுக்கடையிலும் மக்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அப்போதெல்லாம் துப்பாக்கி அரசின் கையில் இருந்தது. 2020 ஜனவரி 8-ஆம் தேதி இரவு நடந்தது வேறு. களியக்காவிளை சந்தைச் சாலையில் உள்ள சோதனைச் சாவடியில் பணியிலிருந்த தமிழகக் காவல்துறை சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சனை, நடந்து வந்த இருவர் சுட்டும் குத்தியும் கொன்றுவிட்டுத் தப்பினர். அவருக்கு வயது 57; ஓய்வு பெறச் சில மாதங்களே இருந்தன. அவரது குடும்பத்துக்குத் தமிழக அரசு ரூ.1 கோடி நிதி அறிவித்தது.

இரு மாநிலப் போலீஸாரும் தேடிய அந்த இருவர், ஜனவரி 14-ல் கர்நாடகத்தின் உடுப்பியில் பிடிபட்டனர். துப்பாக்கி கிடைத்தது அதற்கும் ஒன்பது நாள்களுக்குப் பிறகு. கொலை நடந்த இடத்துக்கு இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால், எர்ணாகுளம் பேருந்து நிலையத்தை ஒட்டிய சாக்கடையில் அது வீசப்பட்டிருந்தது. கத்தி திருவனந்தபுரம் தம்பானூரில் கிடைத்தது. வழக்கு தேசியப் புலனாய்வு முகமையிடம் சென்றது. 2020 ஜூலையில் ஆறு பேர் மீது குற்றப்பத்திரிகை தாக்கலானது. ஒரு சாவடிக் கொலையின் விசாரணை மூன்று மாநிலங்களைத் தொட்டது.

இந்தக் கொலைக்குச் சரியாக 25 நாள்களுக்கு முன்னர்தான், 2019 டிசம்பர் 14-ல், ஆயுதங்கள் (திருத்த) சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. அச்சட்டத்துக்காக நாடாளுமன்றத்தில் நடந்த விவாதத்தை இப்போது திரும்பிப் பார்த்தால் வியப்பே மிஞ்சும். ஒருவர் எத்தனை துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்பதே அங்கு அதிகம் பேசப்பட்டது. 1983-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி மூன்று வைத்துக்கொள்ளலாம். அதை ஒன்றாகக் குறைக்க மசோதா முனைந்தது. பஞ்சாப், ராஜஸ்தான் போன்ற, துப்பாக்கியைக் குடும்ப கெளரவமாகக் கருதும் பகுதிகளிலிருந்து எதிர்ப்பு எழவே, இரண்டு என்று முடிந்தது. திருமண ஊர்வலங்களில் வானத்தை நோக்கிச் சுடுவதும் தண்டனைக்குரிய குற்றமாயிற்று. குமரி மாவட்டத்திலோ திருவனந்தபுரம் மாவட்டத்திலோ கல்யாண வீட்டில் வெடிப்பது பட்டாசுதான்.

அச்சட்டத்தின் மறுபாதி குறைவாகப் பேசப்பட்டாலும் கனமானது. உரிமமின்றித் துப்பாக்கி தயாரிப்பதற்கும் விற்பதற்கும் முன்பு மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை சிறை. இப்போது குறைந்தது ஏழு ஆண்டுகள், அதிகபட்சம் ஆயுள். தடை செய்யப்பட்ட ஆயுதம் வைத்திருந்தால் ஏழு முதல் பதினான்கு ஆண்டுகள். ஆயுதக் கடத்தலும் அதன் பின்னுள்ள குற்றக் கும்பல்களும் முதன்முறையாகத் தனிக் குற்றங்களாக வரையறுக்கப்பட்டன.

அமெரிக்காவில் தாக்குதல் ரகத் துப்பாக்கிகளை விற்கலாமா கூடாதா என்பது இன்னும் தீராத வழக்கு. 1994-ல் அங்கு கொண்டுவரப்பட்ட தடை 2004-ல் காலாவதியானது, பிறகு புதுப்பிக்கப்படவில்லை. ஆஸ்திரேலியா 1996-லும், நியூஸிலாந்து 2019-லும் பெரும் படுகொலைகளுக்குப் பின் தடை விதித்தன. இந்தியாவில் அந்தக் கேள்விக்கு 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமே விடை சொல்லிவிட்டது. விசையை அழுத்தியிருக்கும்வரை தொடர்ந்து சுடும் துப்பாக்கி, மத்திய அரசின் சிறப்பு அனுமதியின்றி எவர் கையிலும் இருக்கக் கூடாது. ஆயுதம் ஏந்துவதை அமெரிக்க அரசியல் சாசனம் உரிமையாக்கியுள்ளது, நம்முடையதில் அப்படி ஓர் உரிமை இல்லை என்பதை உச்சநீதிமன்றமும் 2023 பிப்ரவரியில் நினைவூட்டியது. ஆகவே இங்கு தடை இல்லை என்பதல்ல குறை. தடை, உரிமம் வாங்குபவரை மட்டுமே தொடுகிறது. நாட்டில் துப்பாக்கியால் நடக்கும் கொலைகளில் பெரும்பாலானவை உரிமமற்ற ஆயுதங்களால் நடப்பவை.

உரிமம் வாங்குபவர் யார் என்பதை அறிய நெடுஞ்சாலையை விட்டுக் கிழக்கே திரும்ப வேண்டும். பாறசாலை சட்டப்பேரவைத் தொகுதியின் மலையடிவாரப் பகுதிகளான வெள்ளறடை, அம்பூரி ஆகியவை நெய்யாறு வன உயிரினச் சரணாலயத்தை அடுத்தவை. மரச்சீனியும் வாழையும் பயிரிடும் இவ்வூர்களில் காட்டுப்பன்றி ஒரே இரவில் தோட்டத்தைப் புரட்டிவிடும். காட்டுப்பன்றியைத் தீங்கு விலங்காக அறிவிக்கும் அதிகாரம் மத்திய அரசுக்குரியது. கேரளம் பலமுறை கேட்டும் தில்லி இணங்கவில்லை. எனவே 2022 மே மாதம் மாநில அமைச்சரவை வேறொரு வழி கண்டது. பயிரை அழிக்கும் பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரம் உள்ளாட்சித் தலைவர்களுக்குத் தரப்பட்டது. சுட வேண்டியவர், உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருப்பவர். விஷம், வெடி, மின்வேலி கூடாது.

அதே பன்றி எல்லை தாண்டி வந்தால் சட்டம் மாறுகிறது. தமிழகத்தில் 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்டபடி, காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையினர் மட்டுமே சுடலாம். விவசாயிக்கு அனுமதி இல்லை. ஒரே மலையின் இரு சரிவுகளில் வாழும் விவசாயிகளிடம் இரு அரசுகள் காட்டும் நம்பிக்கை இவ்வளவு வேறுபடுகிறது.

கேரள விவசாயியின் துப்பாக்கியும் சுதந்திரமானதல்ல. அதன் உரிமத்துக்குத் தேசியத் தரவுத்தளத்தில் தனி எண் உண்டு. போலீஸ் விசாரணை, மாவட்ட ஆட்சியரின் ஒப்புதல், ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தல் எல்லாம் உண்டு. தேர்தல் அறிவிக்கப்பட்டால் பெரும்பாலான துப்பாக்கிகள் காவல் நிலையத்துக்குப் போய்விடும். 2011, 2016, 2021 ஆகிய மூன்று சட்டப்பேரவைத் தேர்தல்களிலும் இரு மாநிலங்களும் ஒரே நாளில் வாக்களித்தன. தேர்தல் நடத்தை விதி பன்றிகளைக் கட்டுப்படுத்துவதில்லை.

எர்ணாகுளம் சாக்கடையில் கிடைத்த கைத்துப்பாக்கி இத்தகைய எந்தப் பதிவேட்டின் வழியாகவும் வந்ததல்ல. எல்லைச் சாவடிகளின் கண்ணும் பெரும்பாலும் வேறு பொருள்கள் மீதே பழகியது: கேரளத்துக்குக் கடத்தப்படும் ரேஷன் அரிசி, மணல், சாராயம். 2017-ல் ஜிஎஸ்டி வந்தபின் வணிகவரிச் சாவடிகளும் மூடப்பட்டன. நெடுஞ்சாலையை விட்டால் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஓடும் சிறு சாலைகள் பல, சாவடியே இல்லாமல் மாநிலம் மாறுகின்றன. இடுப்பில் செருகிய கைத்துப்பாக்கிக்கு லாரி தேவையில்லை.

உரிமமற்ற துப்பாக்கிகளைப் பற்றித் தானாக முன்வந்து எடுத்துக்கொண்ட வழக்கில், ஒவ்வொரு மாநிலமும் தலைமைச் செயலர் தலைமையில் குழு அமைத்துச் செயல்திட்டம் வகுக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2024 நவம்பரில் உத்தரவிட்டது. அதன்படி இந்த எல்லைக்கு இரு குழுக்கள். கேரளத்தின் தலைமைச் செயலகம் அமைந்துள்ள திருவனந்தபுரம், களியக்காவிளையிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர். தமிழகத்தின் தலைமைச் செயலகம் அமைந்துள்ள சென்னை, 700 கிலோமீட்டருக்கும் மேல்.