உங்கள் ஊராட்சிக்குத் தலைவர் இருக்கிறாரா?

உலக நாடுகளின் ஜனநாயகத்துக்கு மதிப்பெண் போடும் அமைப்புகள் சில உண்டு. அமெரிக்காவின் ஃப்ரீடம் ஹவுஸ் 25 கேள்விகளை வைத்து நூற்றுக்கு மதிப்பெண் தருகிறது. அரசியல் உரிமைகளுக்கு 40, குடிமை உரிமைகளுக்கு 60. 2021 அறிக்கையில் அது இந்தியாவை ‘சுதந்திர நாடு’ வரிசையிலிருந்து ‘ஓரளவு சுதந்திர நாடு’ என்று இறக்கியது. ஒன்றிய அரசு அதை ஏற்கவில்லை. அந்த வாக்குவாதம் ஒருபுறம் நடக்கட்டும். ஊரில் இருந்தபடியே நாம் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று இருக்கிறது: தேர்தல் மூலம் நிரப்ப வேண்டிய நாற்காலியில் இப்போது யார் உட்கார்ந்திருக்கிறார்?

ஊராட்சியின் பதவிக்காலம் 5 ஆண்டு. அது முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்கிறது அரசமைப்பின் 243இ பிரிவு. நகராட்சிகளுக்கும் இதே விதிதான். காலம் தாழ்த்தக் கூடாது என்று 2006இல் கிஷன்சிங் தோமர் வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் நடந்ததைப் பாருங்கள். 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. ஊரகத் தேர்தல் வந்தது 2019 டிசம்பரில், அதுவும் 27 மாவட்டங்களுக்கு மட்டும். மீதி 9 மாவட்டங்களுக்கு 2021 அக்டோபர். நகரங்களுக்கு 2022 பிப்ரவரி. 2019இல் வென்றவர்களின் காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதி முடிந்தபோது, அந்த ஊராட்சிகளுக்குத் தலைவர்களுக்குப் பதிலாக அரசு நியமிக்கும் தனி அலுவலர்கள் மீண்டும் வந்தார்கள். ஆட்சியில் எந்தக் கட்சி இருந்தாலும் காரணம் மட்டும் தயாராக இருக்கிறது: வார்டு மறுவரையறை, இட ஒதுக்கீடு, வழக்கு.

இதனால் என்ன குடி முழுகிப்போகும்? மாநிலத்தில் ஊராட்சிகள் 12,525, ஊராட்சி ஒன்றியங்கள் 388. ஒன்றியத்துக்குச் சராசரியாக 32 ஊராட்சிகள். ஊராட்சிகளின் தனி அலுவலர் வட்டார வளர்ச்சி அலுவலர். மோட்டார் ரிப்பேரானாலும் தெருவிளக்கு எரியாவிட்டாலும் இத்தனை ஊர்களும் அவரைத்தான் தேட வேண்டும். அடுத்த தேர்தலில் அவரைத் தோற்கடிக்கவும் முடியாது. பண நஷ்டமும் உண்டு. 14வது நிதிக்குழு மானியம் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிகளுக்கே என்பதால், 2016க்குப் பின் தேர்தல் நடக்காத ஆண்டுகளில் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய தொகை தடைபட்டது.

காலி நாற்காலி டெல்லியிலும் இருந்தது. 17வது மக்களவை 2019 முதல் 2024 வரை துணைச் சபாநாயகர் இல்லாமலேயே நடந்து முடிந்தது.

சரி, சாமானியர் என்ன செய்யலாம்?

முதலில் வாக்காளர் பட்டியல். பெயர் சேர்க்கப் படிவம் 6, திருத்தத்துக்குப் படிவம் 8. உங்கள் பெயரை நீக்கச் சொல்லி வேறொருவர் படிவம் 7 கொடுக்கவும் வழி உண்டு என்பதால், தேர்தலுக்கு முன்பே ஒருமுறை பார்த்துவிடுங்கள். மக்களவை, சட்டமன்றத் தேர்தல்களில் உங்கள் ஓட்டை யாரோ போட்டுவிட்டால் 49பி விதிப்படி வாக்குச்சீட்டு கேட்டு வாங்கி வாக்களிக்கலாம். ‘சர்கார்’ படத்துக்குப் பிறகு இது பலருக்கும் தெரியும். படம் பார்த்தவர்கள் கவனிக்க வேண்டியது, அந்தச் சீட்டு வாக்கு எண்ணிக்கை அன்று எண்ணப்படாது. தனி உறையில் இருக்கும். முடிவு அறிவித்த 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்கு போடப்பட்டால்தான் அதற்கு வேலை வரும்.

அடுத்தது தகவல் உரிமைச் சட்டம். 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, ஊராட்சிக்கு வந்த மானியம், செலவுக் கணக்கு, கிராம சபைத் தீர்மான நகல் மூன்றையும் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதுவும் பலிக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

தலைவர் இல்லாத காலத்திலும் கிராம சபை உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு. ஊர் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எல்லோரும் உறுப்பினர். வரவு செலவை வாசிக்கச் சொல்லுங்கள். தேர்தலை உடனே நடத்தக் கோரும் தீர்மானத்தையும் அங்கேயே கொண்டுவரலாம். அது பதிவேட்டில் ஏறியதா என்று எழுந்து போய்ப் பாருங்கள். கூட்டம் முடிந்த பிறகு யாராவது நோட்டோடு வீட்டுக்கு வந்து கையெழுத்து கேட்டால், போடாதீர்கள்.