இளவட்டக்கல்: விசையும் வேலையும்

இளவட்டக்கல் என்பது தென் தமிழக ஊர்களில் இளைஞர்கள் தூக்கிப் பழகிய வழுவழுப்பான உருண்டைக் கல். கல்யாணக்கல் என்றும் பெயருண்டு. இதைத் தூக்கியவருக்கே பெண் கொடுத்தார்கள் என்பர். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கரிசல் ஊர்களில் தூக்குவார் இல்லாமல் பாதி மண்ணில் புதைந்து கிடக்கும் கற்கள் உண்டு. திருநெல்வேலி மாவட்டம் வடலிவிளையில் பொங்கலையொட்டி இன்றும் போட்டி நடக்கிறது.

குந்தி உட்கார்ந்து கல்லை அணைத்து முழங்காலுக்கு ஏற்றி, எழுந்து நெஞ்சுக்கு உருட்டி, தோளில் வைத்துப் பின்புறம் போடுவர். ‘போன மாசம் முழங்கால் மட்டும் வந்தது, இப்போ நெஞ்சுக்கு வந்துருச்சு’ என்று சொல்வது வெறும் பேச்சல்ல, சரியான அளவீடு.

80 கிலோ கல்லின் எடை 80 × 9.8 = 784 நியூட்டன். கல்லை நிதானமாக உயர்த்தத் தேவையான விசை இதுவே. வெடுக்கென்று கிளப்பினால் கூடும்: முடுக்கம் 2 மீ/வி² என்றால் 944 நியூட்டன். இடுப்புப் பிடிப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

விசையை உயரத்தால் பெருக்கினால் வேலை. அரை மீட்டர் உயர முழங்காலுக்கு 392 ஜூல், 1.4 மீட்டர் உயரத் தோளுக்குச் சுமார் 1,098 ஜூல். விசை மாறவில்லை, வேலை ஏறக்குறைய மூன்று மடங்காகிறது.

11.2 மீட்டர் ஆழக் கிணற்றிலிருந்து 10 லிட்டர் தண்ணீர் இறைக்கும் பெண் செய்யும் வேலையும் அதே 1,098 ஜூல்தான் (வாளி, கயிற்றின் எடையை விட்டுவிட்டால்). நாலு குடம் நிரப்புபவர் ஊர் பார்க்கக் கல் தூக்கியவரை விடப் பல மடங்கு வேலை செய்திருப்பார். அதற்கு யாரும் கைதட்டியதில்லை. ஆனால் அவர் கொடுத்த விசை 98 நியூட்டன் மட்டுமே. ஆகவே பயிற்சியைக் குறித்து வைப்போர் விசையையும் வேலையையும் தனித்தனியே எழுத வேண்டும். 40 கிலோ கல்லைப் பத்து முறை தோளேற்றினால் 5,488 ஜூல். மொத்தத்தை மட்டும் பார்த்தால் 80 கிலோவை ஒருமுறை தூக்கியவர் பின்தங்கியவராகத் தெரிவார்.

நேரமும் வேண்டும். தோளேற்ற 4 வினாடி எடுத்தவரின் திறன் சுமார் 274 வாட். அதே கல்லை 3 வினாடியில் ஏற்றினால் 366 வாட்.

கல்லைத் தோளில் வைத்துக் கோயிலைச் சுற்றுவதுதான் வகுப்பில் எப்போதும் சண்டை கிளப்பும் கணக்கு. சமதரையில் ஒரே வேகத்தில் நடந்தால் கல்லின் மீது செய்த வேலை சுழி. வியர்ப்பது ஏன் என்றால், அசையாமல் தாங்கும்போதும் தசை ஆற்றலைச் செலவழிக்கிறது. எனவே இந்தப் பயிற்சியை ஜூலில் எழுதாமல், சுமந்த தூரமாகவோ நேரமாகவோ எழுதலாம்.

எடை தெரியாத கல்லைப் பருத்தி மூட்டை நிறுக்கும் தராசில் நிறுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒப்பிடுவது ஒரே கல்லாக இருக்கட்டும். கைப்பிடி இல்லாத உருண்டைக் கல்லை நழுவாமல் அழுத்தும் விசை தராசில் தெரியாது. அதே 80 கிலோவுக்குப் பிடி வைத்த இரும்பு எளிதாக எழும்பும்.